சேப்பாக்கத்தில் எழுந்து நின்றவர்கள்



சென்ற வாரம் நம் வாலிபர் அணி அண்டைச் சபையாரிடம் கால்பந்துப் போட்டியில் தோற்றது. தோற்றதில் குறையொன்றுமில்லை. ஆனால், ஆட்டம் முடிந்ததும் கை கொடுக்காமல் திரும்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆகவே இவ்வாரம் சரித்திரத்திலிருந்து இரண்டு ஆட்டங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

1969 ஜூன் மாதம், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மத்திய அமெரிக்காவின் அண்டை நாடுகளான எல் சால்வடோரும் ஹோண்டுராஸும் மோதின. முதல் ஆட்டம் ஹோண்டுராஸுக்கு, அடுத்தது எல் சால்வடோருக்கு. மெக்சிகோ நகரில் நடந்த மூன்றாவதில் எல் சால்வடோர் 3-2 என்று வென்றது. ஜூலை 14 அன்று போர் மூண்டது. நான்கு நாட்களில் ஓய்ந்த அப்போருக்குச் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாக 1980 ஆயிற்று. இதைக் 'கால்பந்துப் போர்' என்பார்கள். அப்பெயர் முற்றும் சரியன்று. பிழைப்புத் தேடி ஹோண்டுராஸில் குடியேறிய சால்வடோர் விவசாயிகள் நிலத்தைவிட்டுத் துரத்தப்பட்டதே பகையின் வேர். பந்து அதற்கு வாயாக அமைந்தது.

மற்றொன்று நமக்கு வெகு அருகில், சேப்பாக்கத்தில் நடந்தது. அது கிரிக்கெட். 1999 ஜனவரியில், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் பாகிஸ்தான் அணி நம் நாட்டில் டெஸ்ட் ஆட வந்தது. அந்த வருகையை எதிர்த்தவர்கள் டெல்லி மைதானத்தின் ஆடுகளத்தையே தோண்டிப்போட்டிருந்தார்கள். முதல் டெஸ்ட் சென்னையில் நடந்தது.

நான்காம் நாள், ஜனவரி 31, ஓய்வுநாள். வெற்றிக்கு 271 ஓட்டங்கள் தேவை. 82 ஓட்டங்களுக்குள் ஐந்து விக்கெட்டுகள் போயின. முதுகுவலியோடு நின்ற சச்சின், மோங்கியாவின் துணையுடன் அணியைக் கரைக்கு இழுத்துவந்தார். இன்னும் 17 ஓட்டங்களே வேண்டியிருந்தபோது, 136 எடுத்த சச்சின் சக்லைன் முஷ்டாக்கின் பந்தில் ஆட்டமிழந்தார். மீதி மூவரும் நான்கு ஓட்டங்களுக்குள் விழுந்தனர். பன்னிரண்டு ஓட்டங்களில் தோல்வி.

அப்போது நான் இறையியல் மாணவன். ஆராதனை முடிந்து விடுதியில் வானொலியைச் சூழ்ந்திருந்தோம். கடைசி விக்கெட் விழுந்த கணமே, கோபத்தில் அதை அணைத்தவன் நான்தான். அதனால் பின்பு நடந்ததைக் கேட்கும் பாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை. மறுநாள் செய்தித்தாளில் வாசித்தேன். அரங்கம் சற்று நேரம் ஊமையாயிருந்து, பிறகு ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம். வாசிம் அக்ரமும் அவர் அணியினரும் மைதானத்தைச் சுற்றி ஓடி அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்களாம். சத்துருக்களைச் சிநேகிப்பதைப் பற்றி அந்த வாரம்தான் வகுப்பில் கட்டுரை எழுதியிருந்தேன்! நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன்.

அந்தக் கைதட்டல் போரைத் தடுக்கவில்லை. மே மாதமே கார்கிலில் துப்பாக்கிகள் முழங்கின. ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு மேலான பின்பும், அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சேப்பாக்கத்து ஜனங்களைச் சொல்லாமல் முடிப்பதில்லை.

வருகிற சனிக்கிழமை மாலை அதே அண்டைச் சபையாரோடு மறு ஆட்டம். நானும் வருகிறேன்.