பைபிள் நாத்திகர்களுக்குத்தான் நல்லாப் புரியுமா? அமெரிக்க சர்வே முதல் வேலூர் பாகாயம் வரை... முழு விளக்கம்

மதம் பற்றிய விவாதம் எங்கே நடந்தாலும் இந்த ஒரு வரி எட்டிப் பார்க்கும்: "கிறிஸ்தவர்களைவிட நாத்திகர்களுக்குத்தான் பைபிள் நன்றாகத் தெரியும்." உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வரும்: "விசுவாசம் இல்லாதவனுக்கு வேதம் எப்படிப் புரியும்?"

இரண்டில் எது சரி? இதற்கு ஆய்வு ஏதாவது இருக்கிறதா? தமிழ்நாட்டில் கடவுள் மறுப்பாளர்கள் பைபிளைப் படித்த வரலாறு என்ன? தோல் பதனிடும் ஆம்பூருக்கும், மருத்துவக் கல்லூரி இருக்கும் பாகாயத்துக்கும் இதில் என்ன வேலை? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக...

• அமெரிக்காவில் 2010-இல் நடந்த சர்வேயில், மதங்கள் பற்றிய பொது அறிவில் நாத்திகர்கள் முதலிடம் பிடித்தார்கள். ஆனால் பைபிள் கேள்விகளில் முதலிடம் அவர்களுக்கு இல்லை.
• தகவல் தெரிவது வேறு, அர்த்தம் புரிவது வேறு.
• நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர் இருவருமே வசனத்தைத் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. ஆனால் தவறு நடக்கும் இடம்தான் வேறு.

சர்வே உண்மையில் என்ன சொன்னது?

இந்த வாதத்துக்கு எல்லோரும் காட்டும் ஆதாரம், அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2010-இல் நடத்திய சர்வே. 3,412 பேரிடம் மதங்கள் பற்றி 32 கேள்விகள் கேட்டார்கள். மொத்த சராசரி 16 சரியான பதில்கள். நாத்திகர்களும், கடவுள் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது என்பவர்களும் சேர்ந்து எடுத்த சராசரி 20.9. யூதர்கள் 20.5, மார்மன் பிரிவினர் 20.3. சுவிசேஷ சபைகளைச் சேர்ந்த வெள்ளையர்கள் 17.6.

"பார்த்தீங்களா, நாத்திகர்தான் ஃபர்ஸ்ட்" என்று தலைப்புகள் பறந்தது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஆனால் அந்த 32 கேள்விகளில் யூதம், இஸ்லாம், இந்து, பௌத்தம் என எல்லா மதங்களும் கலந்திருந்தன. பைபிள், கிறிஸ்தவம் பற்றி மட்டும் இருந்தவை 12 கேள்விகள். அதைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால் வரிசை மாறுகிறது. மார்மன் பிரிவினர் 7.9, சுவிசேஷ சபை வெள்ளையர்கள் 7.3, நாத்திகர்கள் தரப்பு 6.7. மொத்த சராசரி 6. அதாவது, பைபிளில் நாத்திகர்கள் சராசரியைவிட மேலே இருக்கிறார்கள். ஆனால் பைபிளையே மூச்சாக வைத்திருக்கும் சபைகளைத் தாண்டவில்லை. பியூ மையம் 2019-இல் வெளியிட்ட அடுத்த சர்வேயிலும் பைபிள் கேள்விகளில் சுவிசேஷ சபையினர்தான் முன்னால் நின்றார்கள்.

கிறிஸ்தவர்களுக்குச் சங்கடமான தகவலும் 2010 சர்வேயில் இருந்தது. தங்கள் சபைப் பிரிவு பிறக்கக் காரணமான மார்ட்டின் லூதரைப் புராட்டஸ்டன்ட்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. திருப்பலியில் அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்பது தங்கள் திருச்சபையின் போதனை என்று கத்தோலிக்கர்களில் 45 சதவீதம் பேருக்குத் தெரியவில்லை.

நாத்திகர்கள் ஏன் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள்?

ஒரு காரணம் படிப்பு. சர்வேயில் கலந்துகொண்ட நாத்திகர்களின் கல்வித் தகுதி சராசரியைவிட அதிகம். இன்னொரு காரணம், அவர்களில் பலர் மத நம்பிக்கையுள்ள வீடுகளில் வளர்ந்தவர்கள். கேள்வி கேட்டு, தேடிப் படித்து, அப்புறம் வெளியே வந்தவர்கள். பிறந்த மதத்திலேயே இருப்பவருக்கு அந்தத் தேடல் கட்டாயம் இல்லை. வெளியே போகிறவர் வீட்டுக்கு ஏன் போகிறேன் என்று பதில் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவின் பைபிள் அறிஞர் பார்ட் எர்மன் இதற்கு நல்ல உதாரணம். தீவிர சுவிசேஷ நம்பிக்கையுடன் பைபிள் கல்லூரியில் சேர்ந்தவர், பின்னாளில் நம்பிக்கையை விட்டார். புதிய ஏற்பாட்டின் பழைய கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு ஆராய்வதில் பெயர் பெற்றவர். ஆனால் அவருக்கு அந்தக் கலையைக் கற்றுக்கொடுத்த புரூஸ் மெட்ஸ்கர் கடைசி வரை நம்பிக்கையுள்ள கிறிஸ்தவர். குருவும் சீடரும் பார்த்தது ஒரே பிரதிகளைத்தான். வந்து சேர்ந்த முடிவு வேறு. ஆகவே, நன்றாகப் படித்தால் நாத்திகர் ஆகிவிடுவார்கள் என்பதும் உண்மை இல்லை. நம்பினால்தான் படிக்க முடியும் என்பதும் உண்மை இல்லை.

தமிழ்நாட்டில் இந்த விவாதம் எப்போது தொடங்கியது?

இது புதுசு இல்லை. 140 ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் நடந்ததுதான். 1880-களில் சென்னை லௌகிக சங்கத்தினர் 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழை நடத்தினார்கள். இந்து சாஸ்திரங்களைக் கேள்வி கேட்டது போலவே பைபிளையும் கேள்வி கேட்டார்கள்.

அவர்களுக்கும் முன்னால் யாழ்ப்பாணத்தில் ஒரு சுவாரஸ்யமான சம்பவம். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பெர்சிவல் பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தபோது உடன் நின்று வேலை செய்தவர் ஆறுமுக நாவலர். அவர் நாத்திகர் அல்ல, உறுதியான சைவர். மதம் மாறவும் இல்லை. ஆனால் பைபிளை வரி வரியாக அறிந்தவர். பின்னர் 1854-இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதியபோது அந்த அறிவையே ஆயுதமாக எடுத்தார். சைவக் கோயில் வழிபாட்டை மிஷனரிகள் கேலி செய்கிறார்களே, உங்கள் பழைய ஏற்பாட்டுக் கோயிலிலும் இதே மாதிரிச் சடங்குகள் இல்லையா என்று அத்தியாயம் காட்டி வாதாடினார். நம்பாத ஒருவர் பைபிளை எவ்வளவு ஆழமாகப் படிக்க முடியும் என்பதற்குத் தமிழில் இதைவிடப் பெரிய சாட்சி தேட வேண்டியதில்லை.

20-ஆம் நூற்றாண்டில் இந்த வேலையைச் சுயமரியாதை இயக்கம் கையில் எடுத்தது. 'நான் ஏன் கிறிஸ்தவன் அல்ல' என்று பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1927-இல் லண்டனில் ஆற்றிய உரை தமிழில் நூலாக வந்தது. போதகரின் மகனாகப் பிறந்து நாத்திகப் பேச்சாளரான அமெரிக்கர் இங்கர்சாலும் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமானார்.

நாத்திகர்கள் எங்கே சரியாகப் பார்க்கிறார்கள்?

பழக்கம் மறைத்துவிடும் விஷயங்களை வெளியே இருப்பவர் சட்டென்று பிடிப்பார். ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் படைப்பு வரிசை ஒன்றாக இல்லை. மத்தேயுவும் லூக்காவும் தரும் இயேசுவின் வம்ச வரிசை ஒத்துப்போகவில்லை. யூதாஸ் இறந்த விதத்தை மத்தேயு ஒரு மாதிரியும் அப்போஸ்தலர் நடபடிகள் வேறு மாதிரியும் சொல்கின்றன. பல ஆண்டுகள் ஆலயத்துக்குப் போனவர்கள்கூட இதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

மொழியும் ஒரு காரணம். தமிழ்ப் புராட்டஸ்டன்ட் சபைகளில் இன்றும் பெரும்பாலும் வாசிப்பது 1871-இல் வெளியான மொழிபெயர்ப்பின் வழிவந்த பதிப்பு. 'ஆக்கினைத்தீர்ப்பு', 'கிருபாசனம்', 'பிராயச்சித்தம்' போன்ற சொற்கள் ஞாயிறு பள்ளியிலிருந்தே காதில் விழுந்திருக்கும். மனப்பாடமாகவும் வரும். ஆனால் அர்த்தம் கேட்டால்? புதிதாகப் படிப்பவர் அந்தச் சொல்லில் தடுக்கி விழுவார். விழுந்ததால் அர்த்தம் தேடுவார். பழகியவர் தடுக்காமல் கடந்து போய்விடுவார்.

சாதி விஷயமும் அப்படித்தான். கிறிஸ்துவுக்குள் யூதர், கிரேக்கர், அடிமை, சுதந்திரர் என்ற பிரிவு இல்லை என்று கலாத்தியர் நிருபம் பேசுகிறது. அப்படி இருந்தும் தமிழகத் திருச்சபைகளில் தனி இருக்கை, தனிக் கல்லறை என்று சாதி உள்ளே வந்தது. வெளியே இருந்தவர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் உள்ளே இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டைக் கைவிட வேண்டும் என்று ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833-லேயே உத்தரவு போட்டார். அதற்குக் கடும் எதிர்ப்பு வந்ததும் சபைக்குள் இருந்துதான்.

எங்கே தவறுகிறார்கள்?

முரண்பாட்டைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது முதல் தவறு. நான்கு சுவிசேஷங்களுக்கு இடையே வேறுபாடு இருப்பது 2-ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். நான்கையும் ஒரே கதையாக இணைத்து அப்போதே ஒரு நூல் வந்தது. சுமார் கி.பி. 400-இல் அகஸ்டின் இந்த வேறுபாடுகளுக்காகவே தனி நூல் எழுதினார். வேறுபாடு ஏன் வந்தது, யார் யாருக்காக எழுதினார்கள் என்று கேட்பதில்தான் புரிதல் தொடங்குகிறது.

இன்னொரு தவறு, கவிதை, உவமை, சட்டம், கடிதம் எல்லாவற்றையும் ஒரே மாதிரி எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்வது. வேடிக்கை என்னவென்றால், தீவிர மதவாதிகளும் செய்வது இதையேதான்.

விசுவாசிகள் எங்கே தவறுகிறார்கள்?

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் புத்தாண்டு வாக்குத்தத்த வசனம் கொடுப்பது தமிழ்ச் சபைகளில் வழக்கம். அதில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. நல்ல எதிர்காலம் உண்டு என்று நம்பிக்கை தரும் வசனம். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன மக்களுக்கு எழுதிய கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தைய வசனம், 70 ஆண்டுகள் காத்திருக்கச் சொல்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பாமலேயே இறந்துபோவார்கள் என்பதுதான் அதன் பொருள். அந்த ஆண்டே வேலை கிடைக்கும், கடன் தீரும் என்று படிப்பவருக்கு வசனம் தெரிகிறது; கடிதம் தெரியவில்லை.

ஆம்பூர்க்காரருக்கு மட்டும் புரியும் ஒரு வரி

அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு, யோப்பா பட்டணத்தில் சீமோன் என்பவர் வீட்டில் தங்குகிறார். சீமோன் தோல் பதனிடுபவர், வீடு கடலோரத்தில். பலர் வாசித்துவிட்டுத் தாண்டிப் போகும் தகவல் இது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் உள்ளவர்களுக்கு அப்படி இல்லை. தோல் ஷெட் என்றால் நாற்றம், நிறைய தண்ணீர், ஊரை விட்டுத் தள்ளிய இடம் என்று சொல்லாமலே தெரியும். பாலாற்றில் கலந்த கழிவுநீருக்காக 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போன வட்டாரம் இது. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவும், தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து 50 முழம் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. செத்த விலங்கின் தோலைத் தொடும் தொழில் என்பதால் ஒதுக்கப்பட்ட வீடு அது. தீட்டு என்று எவரையும் ஒதுக்கக்கூடாது என்ற தரிசனம் பேதுருவுக்குக் கிடைப்பது, அந்த வீட்டு மாடியில்தான்.

இதைப் பிடிக்க ஆத்திகரா நாத்திகரா என்பது முக்கியமில்லை. தோல் தொழிலை அருகில் இருந்து பார்த்த இஸ்லாமியத் தொழிலாளிக்கும் இது உடனே புரியும்.

பாகாயமும், 'குஷ்டரோகம்' என்ற சொல்லும்

தவறான புரிதலுக்கு மனிதர்கள் விலை கொடுத்ததையும் வேலூர் பார்த்திருக்கிறது. லேவியராகமம் 13, 14-ஆம் அதிகாரங்களில் பழைய தமிழ் பைபிள் 'குஷ்டரோகம்' என்கிறது. மூல எபிரெயச் சொல் 'சாராத்'. அதே அதிகாரங்கள் துணி, தோல் பொருள், வீட்டுச் சுவர் ஆகியவற்றுக்கும் அது வரும் என்கின்றன. இன்று தொழுநோய் என்று மருத்துவர்கள் சொல்லும் நோய் சுவருக்கு வராது. பல தோல் நோய்களையும் பூஞ்சணத்தையும் சேர்த்துச் சொன்ன சொல் அது என்பது அறிஞர்கள் கருத்து. ஆனால் உலகம் முழுக்க அந்த வசனங்கள் தொழுநோயாளிகளைத் தள்ளி வைக்கக் காரணம் ஆயின.

பாகாயத்தில் வளாகம் கொண்ட வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்தவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்த மிஷனரி மகன், ஆழ்ந்த கிறிஸ்தவர். விரல்கள் அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இழந்ததால் தெரியாமல் ஏற்படும் காயங்களே காரணம் என்று எடுத்துக்காட்டினார். முடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் மீண்டும் இயங்க வைத்தார். வேலூர் அருகே கரிகிரியில் 1955-இல் தொழுநோய் ஆராய்ச்சி மையமும் வந்தது. அப்படி இருந்தும், தொழுநோயை விவாகரத்துக்கான காரணம் என்று வைத்திருந்த சட்டப் பிரிவுகளை நீக்க 2019 வரை ஆனது.

நம்பிக்கை அவரை நோயாளியிடம் கொண்டு சேர்த்தது. நரம்பையும் தசையையும் ஆராய்ந்த மருத்துவம் உண்மையைக் காட்டியது. இரண்டில் ஒன்று மட்டும் போதவில்லை.

பெரியாரும் வேலூரும்

1973 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், பெரியார் தமது 94-ஆம் வயதில் காலமானது இதே கல்லூரியின் வேலூர் மருத்துவமனையில். அந்த நிறுவனத்தின் குறிக்கோள் வாசகம், சேவை பெறுவதற்கு அல்ல, செய்வதற்கே வந்தேன் என்ற கருத்துள்ள சுவிசேஷ வசனத்திலிருந்து எடுத்தது. வாழ்நாள் முழுக்கக் கடவுள் இல்லை என்று சொன்னவருக்கு அங்கே சிகிச்சை கிடைத்தது. இதை வைத்து எந்தத் தரப்பும் வெற்றி கொண்டாட முடியாது. ஒரு வசனத்தை விளக்குவது ஒரு வகைப் புரிதல், அதன்படி நடப்பது இன்னொரு வகை என்பது மட்டும் தெரிகிறது. 'கேட்டால் போதாது, செய்ய வேண்டும்' என்பதுதான் யாக்கோபு நிருபத்தின் வாதமும்.

அப்போ, யாருக்குத்தான் புரியும்?

தகவல் அளவில், ஆர்வத்தோடு படிக்கும் யாருக்கும். பின்னணி அளவில், வரலாறும் மூல மொழியும் தெரிந்தவருக்கு. ஒரு சமூகம் அந்த நூலை வைத்து எப்படி ஜெபிக்கிறது, துக்கத்தில் எப்படித் தேற்றிக்கொள்கிறது என்பது உள்ளே இருப்பவருக்குத்தான் கூடுதலாகத் தெரியும். பரிசுத்த ஆவியின் உதவி இல்லாமல் முழுப் புரிதல் வராது என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அதை சர்வே வைத்து நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

அடுத்த முறை யாராவது ஒரு வசனத்தைக் காட்டி வாதாடினால், அவர் எந்தப் பக்கம் இருந்தாலும் இந்த 4 கேள்விகளைக் கேளுங்கள்:

1. இதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது?
2. இது யாருக்கு, எப்போது சொன்னது?
3. இது சட்டமா, கவிதையா, உவமையா, கடிதமா?
4. இந்தச் சொல்லுக்கு மூல மொழியில் என்ன பொருள்?

நான்குக்கும் பதில் தெரிந்தவர் ஆலயத்துக்குப் போகிறவராகவும் இருக்கலாம், போகாதவராகவும் இருக்கலாம்.