பேஸ்மேக்கர் ஒயரை எங்கே வைப்பது?

பேஸ்மேக்கர் என்றதும் பெட்டியைப் பற்றித்தான் பேசுவோம். பேட்டரி எத்தனை வருஷம் வரும், எவ்வளவு சின்னதாயிருச்சு, இப்படி. ஆனால் அதன் வரலாற்றில் நெடுநாள் இழுத்த கேள்வி வேறு: பெட்டியிலிருந்து போகும் ஒயரின் நுனி இதயத்தில் எந்த இடத்தைத் தொட வேண்டும்?

1958 அக்டோபர் 8. ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா மருத்துவமனையில், ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர் செய்த கருவியை அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங், ஆர்னே லார்சனின் உடம்புக்குள் வைத்துத் தைத்தார். சில மணி நேரத்தில் அது நின்றுபோனது. லார்சனோ, 26 பேஸ்மேக்கர்களைப் பார்த்துவிட்டு 2001-இல், 86 வயதில்தான் இறந்தார். அன்றைய தேவை ஒன்றுதான்: இதயம் நிற்காமல் துடிக்கணும்.

பிறகு மார்பைத் திறக்காமல், இரத்தக்குழாய் வழியாக ஒயரை விடும் முறை வந்தது. அப்படி விட்டால் நுனி சுலபமாகப் போய்ச் சேரும் இடம் வலது கீழறையின் அடிமுனை. அதுவே வழக்கமானது. இதயத்துக்கு நல்லது என்பதால் இல்லை, கைக்கு எட்டும் என்பதால்.

இதில் என்ன குறை? இதயத்துக்குள் மின் தூண்டல் போகத் தனிப் பாதை இருக்கு. ஜெர்மனியின் மார்புர்க்கில் ஆய்வு செய்த ஜப்பானியர் சுனாவோ தவாரா 1906-லேயே அதை விவரித்துவிட்டார். அந்தப் பாதையில் போனால் இரண்டு கீழறைகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுருங்கும். அடிமுனையில் தூண்டினாலோ, தசை வழியே மெதுவாக ஊர்ந்து இடது பக்கத்தைத் தாமதமாக எட்டும். தேர் வடத்தை ஒரு பக்கத்தார் இழுத்து ஓய்ந்தபின் மறுபக்கத்தார் இழுப்பது மாதிரி. தசையை நேரடியாகத் தூண்டினால் சுருக்கம் வலுவிழக்கிறது என்று கார்ல் விக்கர்ஸ் 1925-இலேயே விலங்குகளில் காட்டியிருந்தார். அதாவது, பேஸ்மேக்கர் பிறப்பதற்கு 33 வருஷம் முன்னால்!

மனிதர்களில் கணக்கு தெரிந்தது 2002-இல், டேவிட் என்ற ஆய்வில். இதயம் பலவீனமான, ஆனால் துடிப்பைத் தூண்டும் அவசியமில்லாத 506 பேர். எல்லோருக்கும் அதிர்ச்சி தரும் கருவி வைத்தாயிற்று. ஒரு குழுவில் அது நிமிஷத்துக்கு 70 துடிப்புக்குக் குறையாமல் தூண்டியது. மறுகுழுவில் 40-க்குக் கீழே போனால் மட்டும். இறப்போ, இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையோ இல்லாமல் ஒரு வருஷத்தைக் கடந்தவர்கள் முதல் குழுவில் 73.3 சதவீதம், இரண்டாவதில் 83.9. உதவிக்கு வைத்த தூண்டலே சிலருக்குச் சுமையாகியிருக்கிறது.

இடது மின்கிளை பழுதானவர்களுக்கு இதே கோளாறு பேஸ்மேக்கர் இல்லாமலே வரும். 1994-இல் பிரான்சில் செர்ஜ் காசோ குழுவினர் அப்படிப்பட்ட ஒருவருக்கு இரண்டு கீழறைகளையும் சேர்த்துத் தூண்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஒத்திசைவுச் சிகிச்சை. 2005-இல் வெளியான கேர்-ஹெச்எஃப் ஆய்வில், 813 பேரில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 20 சதவீதமும், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 30 சதவீதமும் இறந்திருந்தார்கள். பெரிய வித்தியாசம். இருந்தாலும் சுமார் மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த பலன் கிடைப்பதில்லை.

எனவே சிலர் இதயத்தின் சொந்தப் பாதைக்கே திரும்பினார்கள். 2000-இல் அமெரிக்காவில் பிரமோத் தேஷ்முக் ஹிஸ் கற்றையிலேயே நிரந்தரமாக ஒயரை வைத்தார். 2017-இல் சீனாவின் வெஞ்ஜோவைச் சேர்ந்த வெய்ஜியன் ஹுவாங் குழு, நடுச்சுவரைத் துளைத்து இடது கிளையையே தூண்டியதை வெளியிட்டது. பழைய இரட்டைத் தூண்டலா, இந்தப் புது வழியா என்பதைப் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள்தான் தீர்க்கணும்.

உங்கள் வீட்டில் இதயம் பலவீனமான யாருக்காவது பேஸ்மேக்கர் வைக்கச் சொன்னால், எந்தக் கம்பெனி என்று கேட்பதோடு விடாதீர்கள். "ஒயர் எங்கே போகுது டாக்டர்?" என்றும் கேளுங்கள்.