நெருப்பில் போட்ட பட்டியல்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

என்னிடம் படித்தவர்களில் இன்று டாக்டர்கள் இருக்கிறீர்கள், நர்ஸுகள் இருக்கிறீர்கள், லேபிலும் ரெக்கார்டு செக்‌ஷனிலும் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்களில் சிலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். "சங்கத்துக்கு வருஷா வருஷம் சந்தா கட்டி என்ன சார் பிரயோஜனம்? ஒரு மாநாடு, ஒரு பை, ஒரு சாப்பாடு. அவ்வளவுதான்." மருத்துவமனைகளும் இப்படித்தான் கேட்கின்றன. ஒரு தொழில்முறைச் சங்கத்தோடு சேர்ந்து நின்றால் ஒரு மருத்துவமனைக்கு, அதுவும் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மருத்துவமனைக்கு, என்ன கிடைக்கும்? இதற்கு விடை சொல்லும் கதை ஒன்று அமெரிக்காவில் நூறு வருடங்களுக்கு முன் நடந்தது.

முதலில் ஒரு தனி மனிதரைப் பார்ப்போம். பாஸ்டன் நகரத்தில் எர்னஸ்ட் காட்மன் என்று ஓர் அறுவை சிகிச்சை நிபுணர் இருந்தார். அவர் வேலை பார்த்தது மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. ஹார்வர்டு மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெறும் இடம். 1846இல் ஈதர் கொடுத்து, வலி தெரியாமல் அறுவை சிகிச்சை செய்ய முடியும் என்று எல்லோர் முன்னிலையிலும் காட்டியது அங்கேதான். அப்பேர்ப்பட்ட இடம்.

காட்மன் கேட்டது ஒரு எளிய கேள்வி. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போன நோயாளி ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறார்? குணமாகிவிட்டாரா? இல்லையென்றால் ஏன் ஆகவில்லை? ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டார். என்ன தொந்தரவு, டாக்டர் என்ன நோய் என்று நினைத்தார், என்ன செய்தார், என்ன சிக்கல் வந்தது, ஒரு வருடம் கழித்து நிலைமை என்ன என்று எல்லாம் அதில் எழுதினார். இதை எல்லா மருத்துவமனைகளும் செய்ய வேண்டும், பதவி உயர்வைக்கூட சீனியாரிட்டி பார்த்துக் கொடுக்காமல் இந்த முடிவுகளைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றார்.

சக டாக்டர்களுக்கு இது பிடிக்குமா? 1914இல் அவர் அந்த மருத்துவமனையை விட்டு விலகினார். அதற்கு முன்பே, 1911இல், சொந்தமாக ஒரு சின்ன மருத்துவமனை தொடங்கியிருந்தார். அங்கே 1911 முதல் 1916 வரை சிகிச்சை முடிந்து போனவர்கள் 337 பேர். அவர்கள் விஷயத்தில் நடந்த தவறுகள் 123 என்று அவரே எண்ணி, அச்சிட்டு வெளியிட்டார். தன் தவறுகளைத் தானே புத்தகம் போட்டவர்!

1915இல் பாஸ்டன் டாக்டர்களின் கூட்டம் ஒன்றில் பெரிய கேலிச்சித்திரம் ஒன்றைத் திறந்து வைத்தார். நெருப்புக்கோழி ஒன்று மண்ணுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு, டாக்டர்களை நோக்கிப் பொன் முட்டைகளை உதைத்துத் தள்ளுவது போல ஒரு படம். கூட்டத்தில் ரகளை. ஊர் மருத்துவ வட்டாரம் அவரை ஒதுக்கி வைத்தது. சில வருடங்களில் அவருடைய மருத்துவமனையும் மூடப்பட்டது. உண்மை அவர் பக்கம் இருந்தும் தனி ஆளாக அவரால் ஒரு மருத்துவமனையைக்கூட மாற்ற முடியவில்லை.

இப்போது சங்கத்துக்கு வருவோம்.

1913இல் அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர்கள் கல்லூரி என்ற அமைப்பு உருவானது. பெயரில்தான் கல்லூரி, உண்மையில் அது சங்கம். அதை முன்னின்று அமைத்தவர் சிகாகோவைச் சேர்ந்த ஃபிராங்க்ளின் மார்ட்டின். மருத்துவமனைகளுக்குப் பொதுவான தரம் வேண்டும் என்ற காட்மனின் எண்ணமும் அதன் தொடக்க நோக்கங்களில் சேர்ந்துகொண்டது.

உறுப்பினராகச் சேர விண்ணப்பிப்பவர் தான் செய்த அறுவை சிகிச்சைகளின் குறிப்புகளைக் கொண்டுவர வேண்டும் என்று சங்கம் விதி வைத்தது. அங்கேதான் குட்டு வெளிப்பட்டது. பலரால் கொண்டுவர முடியவில்லை. அவர்கள் வேலை பார்த்த மருத்துவமனைகளில் ஒழுங்கான கேஸ் ஷீட்டே இல்லை! ஆளைச் சோதிக்கப் போன சங்கம், மருத்துவமனையைச் சோதிக்க வேண்டியதாயிற்று.

1917இல் ஒரே பக்கத்தில் ஒரு குறைந்தபட்சத் தரத்தை வகுத்தார்கள். அதன் சாரம் இதுதான்:

1. மருத்துவமனையில் சிகிச்சை அளிக்கும் டாக்டர்கள் ஓர் ஒழுங்கான குழுவாக இயங்க வேண்டும்.

2. அந்தக் குழுவில் முறையாகப் படித்த, திறமையும் நல்நடத்தையும் உள்ளவர்களே இருக்க வேண்டும். நோயாளியை அனுப்பி வைத்ததற்காக ஃபீஸில் பங்கு பிரித்துக்கொள்ளும் கமிஷன் வேலை கூடாது.

3. மாதம் ஒரு முறையாவது கூட வேண்டும். தாங்கள் கொடுத்த சிகிச்சைகளைத் தாங்களே அலசிப் பார்க்க வேண்டும்.

4. ஒவ்வொரு நோயாளிக்கும் முழுமையான, சரியான குறிப்பு எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும்.

5. ஆய்வகமும் எக்ஸ்ரே வசதியும் இருக்க வேண்டும்.

இதெல்லாம் ஒரு நிபந்தனையா, சாதாரணமாக எங்கும் இருப்பதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். அன்று அப்படி இல்லை. 1918 முதல் சங்கத்தின் ஆட்கள் 100 படுக்கைகளும் அதற்கு மேலும் உள்ள மருத்துவமனைகளுக்கு நேரில் போய்ப் பார்த்தார்கள். பார்த்தவை 692. தேறியவை 89. நம் வகுப்புக் கணக்கில் சொன்னால், 40 பேர் எழுதிய பரீட்சையில் 5 பேர் பாஸ். தேறாதவற்றில் நாடே மதித்த புகழ்பெற்ற மருத்துவமனைகளும் இருந்தன.

1919 அக்டோபரில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் கூட்டம் நடந்தது. எத்தனை மருத்துவமனைகள் தேறின என்ற எண்ணிக்கையை மட்டும் சொன்னார்கள். பெயர்ப் பட்டியல் பத்திரிகைக்காரர்கள் கையில் சிக்கிவிடக் கூடாது என்று அன்று நள்ளிரவே அந்த ஹோட்டலின் உலையில் போட்டு எரித்துவிட்டார்கள்.

இது சரியா? எனக்கு இரண்டு மனம். தான் படுத்திருக்கும் மருத்துவமனையின் லட்சணம் நோயாளிக்குத் தெரிய வேண்டாமா? தெரிய வேண்டும்தான். அதே சமயம், ஃபெயிலான பையனின் பெயரைச் சுவரில் ஒட்டினால் மறுநாள் அவன் பள்ளிக்கே வரமாட்டான். அடுத்த பரீட்சைக்கு அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தயார்செய்தால் வருவான். சங்கம் அதைச் செய்தது. மறுபடி போனது, மறுபடி பார்த்தது. தேறிய மருத்துவமனைகளின் பெயரை வெளியிட்டது. 1950 வாக்கில் ஒப்புதல் பெற்றவை 3,200க்கும் மேல். அவர்கள் திரும்பிப் போகாமல் இருந்திருந்தால், அந்த நெருப்பை நான் மூடிமறைப்பு என்றுதான் சொல்லியிருப்பேன்.

சரி, பயிற்சி மருத்துவமனைகளுக்கு இதில் என்ன தனி நன்மை?

நம் ஊரில் ஹவுஸ் சர்ஜன் என்கிறோமே, அந்தப் பயிற்சி டாக்டர் வார்டில்தான் தொழில் படிக்கிறார். கேஸ் ஷீட் இல்லாத வார்டில் அவர் எதைப் படிப்பார்? இறந்துபோன நோயாளியைப் பற்றி யாரும் கூடிப் பேசாத இடத்தில் எந்தத் தவறைத் திருத்திக்கொள்வார்? அந்த ஒரு பக்கத் தரம் கேட்டவை எல்லாமே பாடம் நடத்தத் தேவையானவை. அமெரிக்க மருத்துவச் சங்கமும் பயிற்சிக்கு ஏற்ற மருத்துவமனைகளின் பட்டியலை 1914இல் வெளியிட்டது. பட்டியலில் பெயர் இருந்தால் நல்ல மாணவர்கள் தேடி வருவார்கள். இல்லையென்றால் வேறு இடம் பார்ப்பார்கள்.

1951இல் அறுவை சிகிச்சைச் சங்கத்தோடு பொது மருத்துவ நிபுணர்கள், மருத்துவமனைகள், டாக்டர்கள் ஆகியோரின் சங்கங்களும் கனடா மருத்துவச் சங்கமும் சேர்ந்து ஒரு கூட்டு ஆணையம் அமைத்தன. 1965இல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் வந்தபோது, அந்த ஆணையத்தின் சான்று பெற்ற மருத்துவமனைகள் அரசின் தகுதியையும் பெற்றதாக ஏற்கப்பட்டன. அதே 1965இல் மருத்துவக் கல்லூரிகளின் சங்கத்துக்குள் பயிற்சி மருத்துவமனைகளுக்கென்றே ஒரு மன்றம் ஏற்பட்டது. சிகிச்சை, கற்பித்தல், ஆராய்ச்சி என்று மூன்று சுமை தூக்கும் மருத்துவமனைக்குச் செலவு அதிகம். அதைத் தனித்தனியாகச் சொல்வதைவிடச் சேர்ந்து சொன்னால்தான் அரசின் காதில் விழும்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. தென் மாநிலங்களில் பல உள்ளூர் மருத்துவச் சங்கங்கள் கறுப்பின டாக்டர்களைச் சேர்க்கவே இல்லை. சங்கத்தில் உறுப்பினர் இல்லையென்றால் பல மருத்துவமனைகளில் நோயாளியைச் சேர்த்துச் சிகிச்சை கொடுக்கவும் முடியாது. படித்தும் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் 1895இலேயே அட்லாண்டாவில் தங்களுக்கென்று தேசிய மருத்துவச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1913இல் அறுவை சிகிச்சைக் கல்லூரியின் தொடக்க உறுப்பினர்களில் கறுப்பினத்தவர் ஒரே ஒருவர்: டேனியல் ஹேல் வில்லியம்ஸ். 1891இல் சிகாகோவில் ப்ராவிடன்ட் மருத்துவமனையையும் அதோடு நர்ஸ் பயிற்சிப் பள்ளியையும் நிறுவியவர். அமெரிக்க மருத்துவச் சங்கம் பழைய பாகுபாட்டுக்கு மன்னிப்புக் கேட்டது 2008இல்தான். சங்கத்தில் இடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, அது மறுக்கப்பட்டவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

காட்மன் 1940இல் காலமானார். அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல்கூட இல்லை. 2014இல்தான் கல் வைத்தார்கள். அவர் தனியாகக் கேட்டுத் தோற்ற அந்தக் கேள்வியைச் சங்கம் கையில் எடுத்தபோதுதான் மருத்துவமனைகள் பதில் சொல்லத் தொடங்கின.

ஆகவே, மருத்துவமனையில் வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, சந்தா கட்டியதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். நம் உறுப்பினர்களின் வேலையை நேரில் வந்து பார்ப்பவர் யார்? குறை கண்டால் அடுத்த வருடம் திரும்பி வருவாரா? ரெக்கார்டு செக்‌ஷனில் இருக்கும் பிள்ளைகள், "வெறும் ஃபைல் கட்டும் வேலை" என்று இனிமேல் சொல்லாதீர்கள். 692இல் 603 மருத்துவமனைகள் தவறிய பரீட்சையில் உங்கள் வேலையும் ஒரு பாடம்.

 உங்கள் அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள், படிக்கிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.