கொடியங்குளத்தில் நொறுக்கப்பட்ட டிராக்டர்



தூத்துக்குடியின் வரலாறு என்றால் முத்துக்குளிப்பு, உப்பு, துறைமுகம் என்று கடலைப் பார்த்தே பேசிப் பழகிவிட்டோம். இன்று நான் கரிசல் காட்டுப் பக்கம் திரும்பி நின்று டிராக்டரைப் பற்றிப் பேசப்போகிறேன்.

1995 ஜூலை 26 அன்று நெல்லை மாவட்டம் வீரசிகாமணியில் ஒரு பேருந்தில் எழுந்த தகராறு, தென் மாவட்டங்களில் பெரும் சாதிக் கலவரமாக மூண்டது. ஆகஸ்ட் 31 காலை, ஓட்டப்பிடாரம் பகுதியிலுள்ள கொடியங்குளத்துக்குள் ஏறத்தாழ 600 போலீசார் நுழைந்தார்கள். அது முழுக்கத் தலித் மக்கள் வாழும் ஊர். அங்கே நடந்தவற்றை அன்றைய பத்திரிகைகளும், 1999இல் வெளிவந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கையும் பதிவு செய்திருக்கின்றன. தொலைக்காட்சிப் பெட்டி, மின்விசிறி, தையல் இயந்திரம், சைக்கிள், விவசாயக் கருவிகள், டிராக்டர், லாரி எல்லாம் அடித்து நொறுக்கப்பட்டன. தானியச் சேமிப்பு பாழாக்கப்பட்டது. துணிமணிகளோடு படித்த இளைஞர்களின் பாஸ்போர்ட்டும் சான்றிதழ்களும் எரிக்கப்பட்டன.

இந்தப் பட்டியலை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். ஆயுதம் தேடி வந்ததாகச் சொன்னவர்களுக்கு டிராக்டரோடு என்ன பகை?

விடை கரிசல் மண்ணின் உழவில் இருக்கிறது. இது மானாவாரி பூமி. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து எல்லாம் மழையை நம்பித்தான். மழை விழுந்தால் ஈரம் காய்வதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். சொந்த ஏர்மாடு இல்லாத சம்சாரி, மாடு வைத்திருப்பவரின் காடு முழுக்க உழுது முடியும்வரை காத்திருக்க வேண்டும். தன் முறை வருவதற்குள் ஈரம் போயிருக்கும். வாங்கிய ஏருக்கும் அவர் காட்டில் உழைத்துக் கழிக்க வேண்டும். கையில் துண்டு நிலம் இருந்தாலும் கருவி இல்லையென்றால் அவர் கூலியாள்தான்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் விளைவாகப் பஞ்சமி நிலம் வந்ததை நாம் அறிவோம். அந்த நிலம் எப்படிக் கை மாறியது என்று பேசும்போது, நிலத்தோடு மாடும் விதையும் தண்ணீரும் வந்தனவா என்றும் கேட்க வேண்டும். அண்ணல் அம்பேத்கர் இதை மிக முன்பே கண்டார். 1918இல் சிறு நிலவுடைமை பற்றி எழுதிய கட்டுரையில், நிலத்தின் அளவை மட்டும் வைத்து விவசாயியைக் கணக்கிடாதே, அவனிடம் உள்ள கருவியையும் மூலதனத்தையும் பார் என்று வாதிட்டார். 1947இல் ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ என்ற ஆவணத்தில், விவசாயம் அரசுத் தொழிலாக வேண்டும், சாதி வேறுபாடின்றி ஊராருக்கு நிலம் கூட்டுப் பண்ணையாகத் தரப்பட வேண்டும், உழவு மாடு, கருவி, விதை, உரம், தண்ணீர் அனைத்தையும் அரசே கொடுக்க வேண்டும் என்று கோரினார்.

நடந்தது வேறு. 1960இல் சென்னையில் டாஃபே தொடங்கப்பட்டது. பசுமைப் புரட்சியோடு டிராக்டர் ஊர்களுக்குள் வந்தது. ஆனால் அது முதலில் நிலமும் வங்கிக் கடனும் உள்ளவர் வீட்டு வாசலில்தான் நின்றது. ஏர் பிடித்தவரின் வேலை நாட்கள் குறைந்தன. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1944இல் மிசிசிப்பி மாநிலத்து ஹாப்சன் பண்ணையில், விதைப்பு முதல் அறுவடைவரை பருத்தி முழுக்க இயந்திரத்தால் விளைவிக்கப்பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில், வாரத்துக்குப் பயிரிட்டு வந்த கறுப்பின மக்கள் பெருந்திரளாக வடக்கு நகரங்களுக்குப் போக நேர்ந்தது. இயந்திரத்துக்குச் சாதியும் நிறமும் கிடையாது. அதன் சாவி யார் கையில் இருக்கிறதோ, அவருக்கு உண்டு.

கொடியங்குளத்தில் அந்தச் சாவி கை மாறியிருந்தது. வளைகுடா நாடுகளுக்குப் போன பிள்ளைகள் அனுப்பிய பணம் வீடாகவும் படிப்பாகவும் வண்டியாகவும் ஆகியிருந்தது. சொந்த டிராக்டர் உள்ளவர் ஈரம் பார்த்துத் தன் காட்டை உழுதுகொள்வார். பிறர் காட்டுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கும் ஓட்டுவார். கூலி கேட்டு நின்றவர் வாடகை சொல்பவராகிறார். ஊர் ஒழுங்கில் இது சின்ன மாற்றம் இல்லை. அன்று நொறுக்கப்பட்டது அந்த மாற்றம்தான்.

இதே ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். அடிமை கப்பல் வாங்குவதை வெள்ளை அரசால் பொறுக்க முடியவில்லை. 1908இல் அவரைச் சிறையில் தள்ளியது. அந்தத் தியாகத்தைத் துறைமுகத்துக்குப் பெயர் சூட்டிப் போற்றுகிறோம். 1995இல் இந்த மாவட்டத்துக்கே சிதம்பரனார் மாவட்டம் என்றுதான் பெயர். அந்தப் பெயரைத் தாங்கிய மாவட்டத்தில், சுதந்திர நாட்டின் காவல்துறை, சொந்தக் கருவி வாங்கிய மக்களை இப்படி நடத்தியது.

இன்று டிராக்டர் அபூர்வப் பொருள் இல்லை. ஆனாலும் தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தியிலிருந்து அம்பாரம்வரை உப்பைத் தலையில் சுமக்கும் பெண்களைப் பாருங்கள். அவர்களில் நம் பெண்கள் எத்தனை பேர்! நாளை அங்கே முழுக்க இயந்திரம் வந்தால் சுமை இறங்கும். கூலியும் சேர்ந்து போய்விடக் கூடாது. இயந்திரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சுமப்பவர்களின் கூட்டுறவுக்கு அது சொந்தமாக வேண்டும் என்கிறோம்.

தாட்கோ கடனும் வேளாண் கருவி மானியமும் இருக்கின்றன. மானியத்துக்கு மனுப்போடப் போனால் பட்டா, சிட்டா கேட்கிறார்கள். நிலமில்லாதவர் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறார். ஆகவே நிலத்தையும் கருவியையும் பிரிக்காமல், ஒரே கோரிக்கையாக எழுப்புவோம்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் முதல் டிராக்டர் யாருடையது, நம் தெருவில் முதல் டிராக்டர் எந்த ஆண்டு வந்தது, அன்று ஊர் என்ன பேசியது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். நம் வரலாறு அங்கேயும் இருக்கிறது.

ஜெய்பீம்.