குடற்புண் வார்டிலிருந்து வந்த ஆபரேஷன்

1987-இல் தெற்கத்தி மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில் தியேட்டர் நர்ஸாகச் சேர்ந்தேன். ஆபரேஷன் நோட்டில் அன்று நான் அதிகம் எழுதியது ‘ஜி.ஜே.’ என்ற இரண்டெழுத்துதான். இரைப்பையையும் சிறுகுடலின் மேல்பகுதியையும் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, அடைபட்ட கீழ்வாயைச் சுற்றி வேறு வழி திறந்துவிடும் ஆபரேஷன் அது. குடற்புண் ஆறி, மறுபடி வந்து, மறுபடி ஆறி, தழும்பேறி இரைப்பையின் வாய் சுருங்கிப்போனவர்களுக்கு அதைவிட்டால் வேறு கதி கிடையாது. தென்னிந்தியாவில் இந்த நோய் அவ்வளவு இருந்தது. மைசூரில் வேலை பார்த்த ஃபிராங்க் டோவி என்ற ஆங்கிலேய சர்ஜன், தெற்கே இது ஏன் இத்தனை அதிகம் என்று அரிசிச் சாப்பாட்டையும் கோதுமைச் சாப்பாட்டையும் ஒப்பிட்டே ஆராய்ச்சி செய்தார்.

வருகிறவர்கள் எலும்பும் தோலுமாகத்தான் வருவார்கள். முந்தின நாள் சாப்பிட்ட சோறு மறுநாள் சாயங்காலம் பருக்கை பருக்கையாக வாந்தியில் வரும். மல்லாக்கப் படுக்கவைத்துப் பார்த்தால் மேல்வயிற்றில் இடப்பக்கமிருந்து வலப்பக்கமாக ஒரு பந்து உருண்டு போகும். அடைப்பைத் தாண்டி உணவைத் தள்ள இரைப்பை படுகிற பாடு அது. ஆபரேஷனுக்கு முன்னால் சில இரவுகள் குழாய் விட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி எடுத்து வயிற்றைக் கழுவுவோம். ஊற்றியது தெளிவாகத் திரும்பி வரும்வரை விடமாட்டோம். தியேட்டரில் சர்ஜன் டாயன் கிளாம்ப் இரண்டு, பேப்காக், தையலுக்குக் கேட்கட், சில்க் என்று கேட்பதற்கு முன்பே என் கை எடுத்து நீட்டிவிடும்.

அந்த ஆபரேஷனின் வம்சத்தில் வந்த ஒன்று என் வயிற்றிலேயே நடக்கும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். 2018-இல் எனக்கு 104 கிலோ எடை, உயரம் 156 சென்டிமீட்டர். இன்சுலின் இரண்டு வேளை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. தியேட்டரில் ஒரு நீண்ட கேஸுக்கு நின்றால் முட்டி மறுநாள் மடங்காது. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ‘ஸ்லீவ்’ செய்துகொண்டேன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீக்கிவிட்டு, ஒரு குழாய் அளவுக்கு மட்டும் மிச்சம் வைப்பது. அதற்குப் பிறகுதான், என் உடம்புக்குள் வந்துவிட்ட இந்த வேலையை யார் யார் எங்கெங்கே கற்றுக்கொண்டார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன்.

இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தும் ஆள் பிழைத்த கதை வியன்னாவில் தொடங்குகிறது. 1881 ஜனவரி 29 அன்று தியோடர் பில்ரோத், தெரேசா ஹெல்லர் என்ற பெண்ணுக்குப் புற்றுநோய் வந்த இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு தைத்தார். அவளுக்கு வயது 43, எட்டுப் பிள்ளைகள் பெற்றவள். ஏறக்குறைய 50 பட்டுத் தையல்கள். அதற்கு முன் பாரிஸிலும் இன்றைய போலந்திலும் இதே முயற்சியில் நோயாளிகள் இறந்துபோயிருந்தார்கள். இவள் பிழைத்தாள், சாப்பிட்டாள், ஏறக்குறைய நான்கு மாதம் இருந்தாள். பிறகு புற்று திரும்பி வந்து கொண்டுபோய்விட்டது. அதே ஆண்டு பில்ரோத்தின் உதவியாளர் ஆன்டன் வுல்ஃப்ளர், வெட்டி எடுக்க முடியாத ஒரு கேஸில் இரைப்பையையும் குடலையும் சேர்த்து மட்டும் தைத்தார். நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த ஜி.ஜே. அன்றைக்குப் பிறந்தது. ஸ்விட்சர்லாந்தின் சேசார் ரூ 1890-களில் குடலை வெட்டி ‘ஒய்’ எழுத்து வடிவில் இணைக்கும் முறையைக் கொண்டுவந்தார். இவர்கள் எவருக்கும் எடை குறைக்கும் எண்ணமே இல்லை. சாப்பிட முடியாதவரைச் சாப்பிட வைப்பதற்குத்தான் இத்தனையும்.

எடைக்காகவென்றே செய்த முதல் ஆபரேஷன்கள் இரைப்பையைத் தொடவில்லை, குடலைத்தான் தொட்டன. 1950-களில் ஸ்வீடனிலும் அமெரிக்காவின் மினசோட்டாவிலும் தொடங்கியது. சுமார் ஆறு மீட்டர் நீளச் சிறுகுடலில் பெரும்பகுதியை உணவு தாண்டிப் போகும்படி மாற்றிவிடுவார்கள். 1960-களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸில் பெய்னும் டிவிண்டும் வகுத்த முறையில், உணவு கடக்கிற நீளம் மேலே 35 சென்டிமீட்டரும் கீழே 10 சென்டிமீட்டரும்தான். எடை குறைந்தது உண்மை. சத்தும் சேர்ந்தே போனது. ஓயாத பேதி, சிறுநீரகக் கல், மூட்டுவலி, மாலைக்கண், சிலருக்குக் கல்லீரலே கெட்டுப்போய் மரணம். பல்லாயிரம் பேருக்குச் செய்த பிறகுதான் அதைக் கைவிட்டார்கள். பலருக்கு மறுபடி வயிற்றைத் திறந்து பழையபடி இணைக்க வேண்டியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சர்ஜன்களின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, அந்தப் பெண்களின் பெயர் இல்லை. இன்று எனக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி12, இரும்பு, வைட்டமின் டி, கல்லீரல் என்று வரிசையாக ரத்தம் பார்க்கிறார்களே, அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் அவர்கள் பட்ட அவதியிலிருந்து எழுதப்பட்டது. அவர்களை நினைக்காமல் நான் அந்தச் சீட்டை வாங்குவதில்லை.

வழி திரும்பியது ஐயோவா பல்கலைக்கழகத்தில். எட்வர்ட் மேசன் அங்கே குடற்புண்ணுக்கு இரைப்பையில் பாதி எடுத்த நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துவந்தார். புண் ஆறியும் அவர்கள் சதை பிடிக்காமல் மெலிந்தே இருப்பது அவர் கண்ணில் பட்டது. நானும் எங்கள் வார்டில் அதைப் பார்த்திருக்கிறேன். ஜி.ஜே. முடிந்து ஓராண்டு கழித்து வருகிறவர் வலி போச்சு என்று கும்பிடுவார், முகம் தெளிந்திருக்கும். ஆனால், “ஒடம்புல ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது சிஸ்டர்” என்பார். சத்து டானிக் எழுதிக் கொடுத்து அனுப்புவோம். எங்களுக்குக் குறையாகத் தெரிந்ததை மேசன் மருந்தாகப் பார்த்தார். 1966-இல் சிக்காஷி இட்டோவுடன் சேர்ந்து, பருமனான நோயாளிக்கு இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு இணைத்தார். 1977-இல் வார்ட் கிரிஃபன் அதை ரூவின் ‘ஒய்’ முறைக்கு மாற்றினார். இன்றைய பைபாஸ் ஆபரேஷனின் அடிப்படை அதுதான். மேசன் நூறு வயதுவரை இருந்து 2020-இல் காலமானார்.

இந்தக் கதையில் கருவியின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. நான் வேலைக்கு வந்தபோது எல்லாமே கைத்தையல். பின்னால் ஸ்டேப்ளர் வந்தபோது ஏதோ அமெரிக்கப் புதுசு என்று நினைத்தோம். அது 1908-இல் புடாபெஸ்டில் ஹூமேர் ஹூல்ட்ல் பயன்படுத்தியது. சுமார் மூன்றரை கிலோ கனம், மாட்டி முடிக்கவே மணிக்கணக்காகும். பிறகு சோவியத் நாட்டில் அதை மேம்படுத்தினார்கள். 1958-இல் கீவ் நகரத்துக்குப் போன அமெரிக்க சர்ஜன் மார்க் ராவிட்ச் அங்கே அதைப் பார்த்துத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். இப்போது வருவது ஒரே அழுத்தில் பக்கத்துக்கு மூன்று வரிசையாக ஆறு வரிசை கம்பிகளைக் குத்தி, நடுவில் கத்தியையும் ஓடவிடும். என்னிடமிருந்து எடுத்த பகுதியைக் காட்டச் சொல்லி நான் கேட்டதால் டாக்டர் மறுநாள் ஃபார்மலின் ஜாடியோடு கொண்டுவரச் சொன்னார். விளிம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் டைட்டானியக் கம்பிகள், ஒவ்வொன்றும் மடங்கி ஆங்கில ‘பி’ எழுத்துப்போல. ஒரு ஓட்டை கிடையாது, ஒரு சுருக்கம் கிடையாது. முப்பது வருஷம் தையலுக்கு நூல் எடுத்துக் கொடுத்த கை என்பதால் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்லீவ் தனி ஆபரேஷனாகப் பிறந்ததில்லை. குடலையும் மாற்றியமைக்கும் பெரிய ஆபரேஷன் ஒன்றின் பாதிதான் அது. 2000 வாக்கில் நியூயார்க்கில் மிஷேல் காக்னேயின் குழு, மிக அதிக எடையால் ஒரே அமர்வைத் தாங்க முடியாதவர்களுக்கு முதலில் இரைப்பையை மட்டும் குறைத்துவிட்டு, எடை இறங்கியதும் மிச்சத்தைச் செய்யலாம் என்று இரண்டாகப் பிரித்தது. முதல் பாதியிலேயே போதுமான எடை இறங்கிப்போய், சிலர் இரண்டாவதுக்கு வரவேண்டிய தேவையே இல்லாமல் போனது. இன்று உலகத்தில் எடைக்காக அதிகம் செய்யப்படுவது அந்த முதல் பாதிதான்.

ஏன் அப்படி? பை சின்னதானதால் குறைவாகச் சாப்பிடுகிறார்கள் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். 1999-இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். பசியைக் கிளப்புவது அது. சுரக்கும் இடம் பெரும்பாலும் இரைப்பையின் மேல்வளைவு. ஸ்லீவில் வெட்டிப் போவது சரியாக அந்த இடம். வட கரோலினாவில் வால்டர் போரிஸ் 1995-இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் ஆச்சரியமானது: பைபாஸ் செய்த சர்க்கரை நோயாளிகள் 146 பேரில் 121 பேருக்குச் சர்க்கரை சாதாரண அளவுக்கு வந்துவிட்டது, அதுவும் பலருக்கு எடை இறங்குவதற்கு முன்பே. இரைப்பையும் குடலும் வெறும் பாத்திரமும் குழாயும் இல்லை, மூளையோடும் கணையத்தோடும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் உறுப்புகள் என்பது சர்ஜன்களுக்கே தாங்கள் வெட்டிய பிறகுதான் தெரியவந்தது.

எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆபரேஷன் முடிந்த புதிதில் முப்பது மில்லி அளவு போட்ட பிளாஸ்டிக் மூடியில் மடக்கு மடக்காகத் தண்ணீர், பிறகு வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர். ஒருநாள் மதியம் மகள் சாப்பாட்டுத் தட்டோடு எதிரே உட்கார்ந்திருந்தாள். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வாசனை. என்னால் அதை வாசனையாக மட்டும் அனுபவிக்க முடிந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து எனக்குள் இரைந்துகொண்டே இருந்த ஒன்று அடங்கியிருந்தது. மற்றவர்களெல்லாம் இப்படித்தான் இத்தனை காலம் இருந்திருக்கிறார்களா என்று எண்ணி அழுதேன். “வாயைக் கட்டு” என்று எனக்குச் சொல்லாதவர் யார்? அம்மா, மாமியார், டியூட்டி டாக்டர், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர். 1970-களில் மேல்நாட்டில் அதைச் சொல்லோடு நிறுத்தாமல் தாடையைக் கம்பியால் கட்டியே பார்த்தார்கள். கட்டியிருந்தவரை எடை இறங்கியது, அவிழ்த்ததும் ஏறியது. பசி வாயில் இல்லையே.

எங்கள் ஜி.ஜே. நோயாளிகளுக்கும் இதே கதிதான். நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது, காரம் தின்றதால் வந்தது, கவலைப்பட்டே இழுத்துக்கொண்டது என்று வீட்டாரும் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம், பாடப்புத்தகமும் சொன்னது. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் இப்படிப் புண் வந்தவர்களின் இரைப்பைகளில், அதற்குக் காரணமான ஹெலிகோபாக்டர் என்ற கிருமியைக் கண்டார்கள். 2005-இல் நோபல் பரிசு. ஆன்டிபயாடிக்கும் அமிலத்தை அடக்கும் ஒமிப்ரசோலும் வந்தபின் வயிறு கழுவும் இரவுகள் குறைந்து, 2000-க்குப் பிறகு எங்கள் நோட்டில் ஜி.ஜே. எப்போதாவதுதான். புண்ணுக்கு அவர்கள் குணத்தைக் குற்றம் சொன்னோம், எடைக்கு என்னைப் போன்றவர்களின் குணத்தைச் சொல்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

ஸ்லீவ் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். நான்காம் மாதம் சீப்பில் முடி கொத்தாக வந்தது, பிறகு முளைத்தது. நெஞ்செரிச்சல் தங்கிவிட்டது, அதே ஒமிப்ரசோலை விழுங்குகிறேன். இன்சுலின் நின்றது, ஒரு மாத்திரை தொடர்கிறது. 66 கிலோவரை இறங்கி, இப்போது 72. வேகமாக நாலு வாய் சாப்பிட்டால் நெஞ்சை அடைக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, மென்று, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல்: ஜி.ஜே. வார்டில் டிஸ்சார்ஜ் அன்று நான் சொல்லியனுப்பிய அதே வாசகங்களை எனக்கு உணவு ஆலோசகர் அச்சடித்துக் கொடுத்தார்.

யாருக்குச் செய்யலாம் என்ற கணக்கும் நகர்ந்திருக்கிறது. 1991-இல் அமெரிக்கக் கூட்டம் ஒன்று, உயரத்தோடு எடையை ஒப்பிடும் பிஎம்ஐ 40, நோய்கள் சேர்ந்திருந்தால் 35 என்று கோடு போட்டது. 2019-இல் நம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் ஏறக்குறைய அதே கோட்டைத்தான் எடுத்துக்கொண்டது. நம் போன்ற ஆசிய உடம்புகளுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வருவதால், 2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் 27.5 முதலே யோசிக்கலாம் என்கிறது. இப்போது எடை குறைக்க வாரம் ஒரு ஊசி வந்துவிட்டது. என்னோடு வேலை பார்த்த இளம் சிஸ்டர் ஒருத்தி, ஜி.ஜே. போனது போல ஸ்லீவும் போய்விடுமா என்று கேட்டாள். போனால் நல்லதுதானே. கத்தியில்லாமல் தீர்ந்தால் எந்தத் தியேட்டர் நர்ஸும் வருத்தப்பட மாட்டாள். ஆனால் அந்த ஊசியின் மாதச் செலவு எங்கள் தெருவில் எத்தனை வீட்டுக்குக் கட்டும்?

பக்கத்துத் தெருவில் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு 98 கிலோ, சர்க்கரை. டாக்டர் ஸ்லீவ் சொல்லியிருக்கிறார். டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன்: தையல் கசிந்தால் ராத்திரியில் யார் பார்ப்பார்கள், நெஞ்செரிச்சல் ஏற்கெனவே இருக்கிறதே பைபாஸ் பொருந்துமா, வைட்டமின் செலவு வருஷத்துக்கு எவ்வளவு. வீட்டில் மாமியார்தான் ஒத்துக்கொள்ளவில்லையாம், “வாயைக் கட்டத் தெரியாதவளுக்கு ஆபரேஷனா?” என்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை நானே போய் அந்தம்மாவிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன். அவருக்கும் அந்தக் காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் குடற்புண்ணுக்கு ஆபரேஷன் நடந்ததாம்.