புரூக்ளின் புற்றுநோய் உயிரணுச் சோதனை (1963)

1963 சூலையில் நியூயார்க் நகரின் புரூக்ளினில் உள்ள யூத நாட்பட்ட நோய் மருத்துவமனையில், 22 நோயாளிகளின் தோலடியில் உயிருள்ள புற்றுநோய் உயிரணுக்கள் அவர்கள் அறியாமலேயே செலுத்தப்பட்டன. மருத்துவ ஆய்வறத்தின் வரலாற்றில் இது ஒரு திருப்புமுனையாகும்.

பின்னணி

சுலோன் கெட்டரிங் ஆய்வு நிறுவனத்தின் மருத்துவர் செஸ்டர் சவுதம் 1954 முதல் புற்றுநோயாளிகளுக்கும், பின்னர் ஒகையோ சிறைக் கைதிகளுக்கும் இவ்வாறு ஊசி போட்டு வந்தார். நலமானோர் உடல் இவ்வணுக்களை விரைவில் அழித்தது. புற்றுநோயாளிகளின் உடல் தாமதமாகவே அழித்தது. அவர்களுள் சிலருக்குக் கட்டியை அகற்றிய பின்னும் அது மீண்டும் வளர்ந்தது. தாமதத்துக்குக் காரணம் புற்றுநோயா, பொதுவான உடல் நலிவா என்று அறிய, வேறு நோய்களால் நலிந்தோர் தேவைப்பட்டனர்.

எதிர்ப்பும் விசாரணையும்

நோயாளிகளிடம் இது நோய் எதிர்ப்பாற்றலை அறியும் சோதனை என்றே கூறப்பட்டது. 'புற்றுநோய்' என்ற சொல் வீண் அச்சமூட்டும் என்பது சவுதமின் வாதம். இளம் மருத்துவர் மூவர் ஊசி போட மறுத்து, பின்னர் பதவி விலகினர். இயக்குநர் குழு உறுப்பினர் வில்லியம் ஹைமன் மருத்துவப் பதிவுகளைப் பார்க்க நீதிமன்றம் சென்றார். முடிவில் சவுதமின் உரிமம் ஓராண்டு இடைநிறுத்தப்பட்டது. ஆயினும் தண்டனை செயற்படுத்தப்படாமல் அவர் கண்காணிப்பில் வைக்கப்பட்டார். 1968-இல் அவரே அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுக் கழகத்தின் தலைவரானார்.

விளைவு

1966-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, தன் நிதியில் நடக்கும் மனித ஆய்வுகளுக்கு முன்கூட்டிய குழு மதிப்பாய்வைக் கட்டாயமாக்கியது. இன்று நோயாளி கையொப்பமிடும் ஒப்புதல் படிவம் வெறும் சடங்கன்று. அஞ்சுவதா, இசைவதா, மறுப்பதா என்பதை முடிவு செய்யும் உரிமை நோயாளிக்கே உரியது என்பதன் சான்று அது.