குடியுரிமையும் தேசியக் கால்பந்து அணியும்: இந்திய, இலங்கைச் சட்டங்கள் குறித்த வரலாற்று நோக்கு

ஓர் ஆட்டக்காரர் எந்த நாட்டுக்காக ஆடலாம் என்னும் வினாவிற்கு விளையாட்டு விதிகள் பாதி விடையையே தருகின்றன. மீதி நாட்டின் குடியுரிமைச் சட்டத்தில் உள்ளது. தொடக்கக் காலத்தில் அவ்விதிகள் நெகிழ்வாக இருந்தன. லூயிஸ் மோன்டி 1930 உலகக்கோப்பையில் அர்ஜென்டினாவிற்கும் 1934இல் இத்தாலிக்கும் ஆடினார். 1954இல் அங்கேரிக்கு ஆடிய புஸ்காஸ், 1962இல் ஸ்பெயின் அணியில் இருந்தார். பின்னர், பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா இவ்வழக்கத்தைக் கட்டுப்படுத்தியது. இன்று ஆடும் நாட்டின் குடியுரிமை கட்டாயம். எனினும் ஒருவர் இரண்டு குடியுரிமைகள் கொண்டிருப்பதை ஃபிஃபா தடுப்பதில்லை. தடை நாட்டுச் சட்டத்தினின்றே எழுகிறது.

இந்திய அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு, தம் விருப்பத்தால் வேற்றுநாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடிமகன் அல்லர் என்கிறது. பிரிவினையின் நெருக்கடியில், யார் எந்நாட்டவர் என வரையறுக்க வேண்டிய சூழலில் உருவான விதிகளுள் இதுவும் ஒன்று. விளையாட்டு அன்று எவர் நினைவிலும் இருந்திராது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் இந்நிலையையே தொடர்ந்தது. 2005இல் நடைமுறைக்கு வந்த ‘அயலக இந்தியக் குடிமகன்’ தகுதி பெயரளவில்தான் குடியுரிமை: வாக்குரிமையும் இல்லை, இந்தியக் கடவுச்சீட்டும் இல்லை.

இருப்பினும் நடைமுறை சில காலம் சட்டத்தைவிடத் தளர்வாக இருந்தது. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜின் மகனும் அமெரிக்கக் குடிமகனுமான பிரகாஷ் அமிர்தராஜ், டேவிஸ் கோப்பை டென்னிசில் இந்தியாவிற்காக ஆடினார். இந்தியக் கடவுச்சீட்டு உடையோரே நாட்டு அணிகளில் இடம்பெறலாம் என விளையாட்டு அமைச்சகம் 2008 திசம்பரில் முடிவெடுத்ததும் அவ்வாயில் அடைபட்டது. ஸ்குவாஷ் வீரர் ஒருவர் தொடுத்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2010இல் அம்முடிவை ஏற்றது. கால்பந்தில் இதன் விலையைச் செலுத்தியோர் மிகச் சிலர். ஜப்பானில் பிறந்த இசுமி அராத்தா அந்நாட்டுக் குடியுரிமையைத் துறந்து 2012இல் இந்தியரானார். 2013இல் இந்திய அணியில் ஆடினார். மும்பையில் பிறந்த தாயின் மகனான ரயன் வில்லியம்ஸ், ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டைக் கைவிட்டு 2025இல் இந்தியக் குடியுரிமை பெற்றார்.

பாக் நீரிணைக்கு அப்பால் நிலைமை நேர்மாறானது. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெருந்தொகையாக நாடற்றவர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். தோட்டத் தொழிலாளரிடம் இத்துணைக் கடுமை காட்டிய அதே சட்டம், 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தால், வெளிநாட்டில் குடியேறியோருக்கு இரட்டைக் குடியுரிமையை அனுமதித்தது. ஜெர்மனியில் பிறந்த வசீம் ராசிக், கிளாடியோ கமர்க்னெக்ட் போன்றோரால் இன்று இலங்கை அணி வலுப்பெறுகிறது.

அவ்வாயில் திறந்திருந்தும் அதன்வழி நுழைய விரும்பாத புலம்பெயர் தமிழ் இளைஞரும் இருந்தனர். 2012 விவா உலகக்கோப்பையிலும், கோனிஃபா அமைப்பு 2014இல் சுவீடனிலும் 2018இல் லண்டனிலும் நடத்திய போட்டிகளிலும் தமிழீழ அணி பங்கேற்றது. ஃபிஃபாவின் ஏற்பு இல்லாத இவ்வரங்கில் மரபினமே தகுதியாயிற்று.

இரட்டைக் குடியுரிமை பற்றிய இந்தியக் கால்பந்து விவாதம் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிறந்தோரைச் சுற்றியே நிகழ்கிறது. தமிழ்நாட்டிலேயே பிறந்து, இங்கேயே பந்து உதைத்து வளரும் அகதிச் சிறுவர் அதில் இடம்பெறுவதில்லை. 2021இல் முகாம்களின் பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றப்பட்டது; குடியுரிமை நிலை மாறவில்லை. பெற்றோர் இருவரும் வேற்றுநாட்டவராயின், 1987 சூலை 1 முதல் இங்குப் பிறந்தவர் பிறப்பால் இந்தியர் ஆவதில்லை. அத்தேதிக்கு முன் முகாமில் பிறந்த ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. இன்று ஆடும் வயதிலுள்ள முகாம் இளைஞர் பெரும்பாலும் அத்தேதிக்குப் பின் பிறந்தவர்களே.